‘ஆனா’ இருந்தால்

புந்தா அரேனாஸ் சுங்கக் கிடங்கில்
நாற்பத்தோரு நாளாக ஒரு மரப்பெட்டி.
உள்ளே படகு எஞ்சினுக்கான பிஸ்டன் வளையங்கள்.
வாடகை தன்பாட்டுக்கு ஏறுகிறது.
நான்கு கடிதம் போட்டோம் என்கிறது சுங்கம்.
ஒன்றுகூட வரவில்லை என்கிறார் ஃபெர்மின் ஓயார்சுன்,
கணினியை மேசையோடு சேர்த்துத் தட்டியபடி.

வியாழன்தோறும் கணக்கெழுத வரும் திரினா
தட்டவில்லை. கையுறையைக் கழற்றினாள்.
குப்பை மடல்களைக் கிளறினாள்:
முடி வளரும் தைலம், விழாத லாட்டரி.
பிறகு அதே கணக்கைத் தன் கைபேசியில் திறந்து,
சுங்கக் கடிதத்தின் தலைப்பையே வைத்து
ஒரு சோதனை மடல் அனுப்பினாள்.
கைபேசியில் வந்து நின்றது, தடித்த எழுத்தில்.
கணினி கண் விழித்ததும்
அங்கிருந்தும் போய்விட்டது.

“அஞ்சல்காரன்மேல் தப்பில்லை.
எடுப்பது வீட்டுக்குள் இருக்கிற ஆள்.”

இருபத்து மூன்று வடிகட்டிகள்.
பாதியை அணைத்தாள், அனுப்பினாள், காத்தாள்.
அதில் பாதியை ஏற்றினாள், மறுபடி அனுப்பினாள்.
ஹீட்டர் இருமியது. தேநீர் ஆறியது.
கடைசியில் பிடிபட்டது
பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்த முதல் விதி.
அதற்குப் பெயர்கூட இல்லை, ஒரு புள்ளி மட்டும்.

மடலில் எங்காவது ‘ஆனா’ இருந்தால்
படித்ததாகக் குறி.
‘பழசு’ உறையில் போடு.
மற்ற விதிகளைப் பார்க்காதே.

திரினா ஒன்றும் கேட்கவில்லை.
அவர்தான் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:
“எட்டு வருஷமாச்சு. ஜூலை, நல்ல பனி.
எழுதுவாள் என்று பயந்தேன்.
அழிக்கவும் மனம் வரவில்லை, படிக்கவும்.”

நம் வாயில் அந்தப் பெயர் ஒரு தயக்கம்.
வரலாம், ஆனா... என்று இழுப்போமே, அது.
அவர்கள் மொழியிலோ எத்தனையோ சொற்களுக்கு வால்.
சுங்கத்துக்கு அதுவானா என்பார்கள்,
அதனால் மரப்பெட்டி போயிற்று.
படகு ஜன்னலுக்கு விலை கேட்டவனின் வெந்தானா போயிற்று.
அடுத்த செமானா பணம் தருகிறேன் என்றவன்
வாரத்தோடு விழுங்கப்பட்டான்.
மன்யானா என்று எழுதிய எல்லோரும்,
அதாவது நாளை என்று எழுதிய எல்லோரும்,
அந்த ஊரில் வேறெப்படித்தான் எழுதுவார்கள்,
எட்டு வருஷத்து நாளைகள்
‘பழசு’ என்ற உறைக்குள் கிடந்தன.

நாலாயிரத்து நூற்றுப் பதினேழு.
“அனுப்பியவர் பெயரில் தேடு” என்றார், மெல்ல.
வங்கியில் ஓர் ஆனா இருந்தாள்,
பல் மருத்துவரிடம் ஓர் ஆனா.
அந்த ஆனா
ஒரு வரிகூட எழுதவில்லை.
வராத வெள்ளத்துக்கு
இத்தனை காலம் நின்றிருக்கிறது அணை.

அடியில் வேறு பதினான்கு கடிதங்கள்.
காஸ்த்ரோவிலிருந்து, அக்கா ரொசெந்தா.
வீட்டை விற்றதில் கோபம், பேசமாட்டாள்
என்று இவர் விட்டுவிட்ட அக்கா.
ஒவ்வொன்றின் முடிவிலும்
உன் எர்மானா, உன் சகோதரி என்றே கையெழுத்து.
தன் பெயரைப் போட்டிருந்தால் தப்பியிருப்பாள்.

“விதியை அழிக்கவா?”
பேசாமலிருந்தார்.
திரினா ‘இருந்தால்’ என்பதை
‘அனுப்புநர் முகவரி இதுவேயானால்’ என்று மாற்றி,
முகவரிக் கட்டத்தை அவரிடமே விட்டு,
விதியைப் பட்டியலின் அடிக்கு இறக்கினாள்.
கட்டம் இன்னும் காலி.

ஒரு கடைசிச் சோதனை. தலைப்பு: மன்யானா.
வந்தது. நின்றது.
நாளை அசையாமல் இன்பாக்ஸில் நிற்பதை
இருவரும் கொஞ்சநேரம் பார்த்தார்கள்.

யாரும் படிக்காத அந்தப் பதினான்கும்
படித்தவையாக வெளிறிக் கிடந்தன.
ஃபெர்மின் மௌஸை வாங்கிக்கொண்டார்.
படிக்காதது எனக் குறி.
படிக்காதது எனக் குறி.
மொத்தமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று
அவள் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை.
ஒன்றொன்றாய்க் கறுத்தன.

திறக்கவில்லை. கிடங்கு ஐந்துக்கு மூடிவிடும்.
தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு இறங்கினார்.
காற்று ஆளைத் தூக்காமலிருக்கத்
தெருவோரம் கயிறு கட்டியிருந்தார்கள்.
அதைப் பிடித்தபடி போனார்.